திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் அநேகமாக இருக்காது. வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்துவிட்டால், வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று அக்கம்பக்கத்தார் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கு வித்து விழுந்த ஊர் வேலூர் அல்ல. திண்டிவனம்!

சென்னையிலிருந்து விழுப்புரத்துக்குப் போகும் ரயிலில் ஏறினால் செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர் தாண்டித் திண்டிவனம் வரும். இன்று அது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அன்று தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் பங்களா இருந்தது. ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்கு முன் ஒரே இரவில் மூன்று பேர் அந்தப் பங்களாவுக்கு வந்து உதவி கேட்டார்கள். மூன்று பேருக்கும் இல்லை என்று பதில் சொல்ல வேண்டி வந்தது பாதிரியாரின் மகளுக்கு. வயது இருபதைத் தாண்டியிருந்த அந்தப் பெண்ணின் பெயர் ஐடா ஸ்கடர்.

தாத்தாவின் வழி

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்துடன் இருந்த டாக்டர். ஒரு நாள் நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது அங்கே கிடந்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்துப் படித்தார். வெளிநாடுகளுக்குப் போய் ஊழியம் செய்யும்படி அழைக்கும் புத்தகம் அது. படித்ததோடு அவர் நிற்கவில்லை. 1819-ல் மனைவியோடு கப்பல் ஏறிவிட்டார். முதலில் யாழ்ப்பாணம். பிறகு, 1836-ல், சென்னை. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் மருத்துவ ஊழியர் அவர்தான் என்று சொல்வார்கள்.

அவருடைய பிள்ளைகளும் அதே வழியில் வந்தார்கள். வட ஆற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்களில் வேலை செய்த ஆற்காடு மிஷனை 1853-ல் தொடங்கியவர்கள் அவர்களே. கடைசி மகனின் பெயரும் ஜான். அவரும் டாக்டர், அவரும் பாதிரியார். அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவள் ஐடா.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து வாசிப்பார்கள். அதைச் சற்று நேரம் மனதில் வைத்து யோசிப்பார்கள். ஜெபம் செய்வார்கள். பிறகுதான் அன்றைய வேலை. மற்ற மதத்தார் வீட்டில் விடியற்காலையில் குர்ஆன் ஓதுவதும் தேவாரம் பாடுவதும் போலத்தான் இதுவும். நம் நாட்டு மொழிகளிலேயே வேதத்தின் புதிய ஏற்பாடு முதலில் அச்சேறியது தமிழில்தான். 1715-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அதை அச்சிட்டு முடித்தார். ஆகவே தமிழ்நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம்.

பாதிரியார் வீட்டில் பிறந்த ஐடாவுக்கு வேதத்தின் கதைகள் தாய்ப்பாலோடு வந்தவை. ஆனால் கேட்டதெல்லாம் மனதில் ஒட்டிவிடுமா?

பஞ்சமும் பிரிவும்

ஐடாவுக்கு ஆறு, ஏழு வயதிருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும் பஞ்சம் அது. லட்சக் கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். பசியால் எலும்பும் தோலுமாகி நின்ற குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கும் வேலையை ஐடா செய்தாள். சில குழந்தைகளுக்குக் கை நீட்டி வாங்கவும் பலம் இல்லை. அவர்கள் வாயில் ஊட்ட வேண்டியிருந்தது. ஊட்டுகிறவளும் குழந்தைதான்!

பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குப் போயிற்று. சில ஆண்டுகள் கழித்துத் தந்தை மட்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். அடுத்து, தாயும் புறப்பட்டார். ஐடாவை உறவினர் வீட்டில் விட்டுப் போனார்கள். அம்மா போன இரவு தலையணை நனைய அழுத அந்தப் பெண்ணின் மனதில் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. இந்தியா என்றால் பசி. இந்தியா என்றால் பிரிவு. ஸ்கடர் குடும்பத்தில் எல்லோரும் போகட்டும், தான் மட்டும் அங்கே ஊழியத்துக்குப் போவதில்லை என்று அவள் தீர்மானித்துக் கொண்டாள்.

அவளைச் சேர்த்த பள்ளி சாதாரணப் பள்ளி அல்ல. டுவைட் மூடி என்ற புகழ் பெற்ற பிரசங்கியார் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்களுக்காக ஏற்படுத்திய பள்ளி. அங்கே வேதமும் ஒரு பாடம். ஐடா படித்தாள்; தேறினாள்; குறும்பும் நிறையச் செய்தாள். தீர்மானம் மட்டும் மாறவில்லை.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. மகள் கப்பல் ஏறினாள். அம்மா குணமாகும் வரை கூட இருப்பது, பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவது என்பதுதான் திட்டம். அப்போது பெற்றோர் இருந்த ஊர் திண்டிவனம்.

அந்த இரவு

இரவு. ஐடா தன் அறையில் தனியே இருந்தாள். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது.

வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். முதல் பிரசவம். பெண்ணுக்கு வயது 14. ஊர் மருத்துவச்சிகள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டு விட்டார்கள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று அவர் மன்றாடினார்.

தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தைதான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றாள் ஐடா. வந்தவர் பின்வாங்கினார். தன் வீட்டுப் பெண்ணை அயல் ஆடவர் பார்ப்பது நடக்கக் கூடாத காரியம். டாக்டரே வந்து எடுத்துச் சொல்லியும் அவர் மனம் இளகவில்லை. பெண்ணாகிய ஐடா வந்தால் வரட்டும். இல்லையானால் விதிப்படி ஆகட்டும் என்று திரும்பிப் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து மீண்டும் காலடிச் சத்தம். மனம் மாறி அவரே வந்துவிட்டார் என்று நினைத்துக் கொண்டு ஐடா ஓடினாள். நின்றவர் வேறொருவர், ஒரு முஸ்லிம். அவருக்கும் அதே துன்பம். அவரிடமிருந்தும் அதே வேண்டுகோள். தந்தையை அழைத்துப் போகும்படி சொன்னதற்கு அவரிடமிருந்தும் அதே மறுப்பு.

மூன்றாவதாக ஒருவர் வந்தார். உயர்ந்த ஜாதி என்று சொல்லப்படும் மற்றொரு வகுப்பைச் சேர்ந்த இந்து. அவருடைய மனைவிக்கும் பிரசவம்தான். அவரும் வந்த வழியே போனார்.

இந்த மூவரையும் கல் நெஞ்சக்காரர்கள் என்று ஏசிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவியின் உயிர் பெரிதில்லை என்று எண்ணுகிறவன் நடு இரவில் அந்நிய மதத்தாரின் வாசலில் போய் நிற்பானா? வழக்கம் என்ற சுவர் அவர்களுக்கும் மனைவிமாருக்கும் நடுவே நின்றது. அதை இடிக்க அவர்களுக்குத் துணிவு இல்லை. ஊரிலும் அன்று அந்தத் துணிவு இல்லை.

சர்க்கார் சட்டமும் அப்போது எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். பெண் கணவனோடு சேர்ந்து வாழ்வதற்குரிய குறைந்த வயதைப் 10-லிருந்து 12-ஆக உயர்த்தியதே 1891-ல்தான். அதற்கும் நாட்டில் பெரிய எதிர்ப்பு! வளர்ச்சி முடியாத உடம்பில் பிள்ளை உண்டாகும். இடுப்பெலும்பு குறுகலாக இருப்பதால் தலை இறங்காது. ஒரு நாள், இரண்டு நாள் என்று வலி நீளும். கழுவாத கையாலும் கருவியாலும் விஷக்கிருமி ஏறும். ரத்தம் நிற்காமல் போகும். இன்று ஒரு மணி நேர ஆபரேஷனில் தீரும் சங்கடம், அன்று இரண்டு உயிர்களைக் கொண்டு போய்விடும்.

சென்னையில் நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. அங்கே மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்கள் சேர்ந்தார்கள். 1885-ல் கோஷா ஆஸ்பத்திரி ஏற்பட்டது. ஆனால் சென்னை திண்டிவனத்துக்கு 75 மைல். வலி கண்ட பெண் 75 மைல் போவது எப்படி?

சாவு மேளம்

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. ஜெபம் செய்தாள். இந்த நாட்டில் வாழ்நாளைக் கழிக்க அவளுக்கு விருப்பம் இல்லை. அமெரிக்காவில் தோழிகள் வரச் சொல்லி எழுதிக் கொண்டிருந்தார்கள். நல்ல வாழ்க்கை காத்திருந்தது. ஒரு பக்கம் அது. மறு பக்கம் வாசலில் வந்து நின்ற மூன்று முகங்கள். கடவுளை முகத்துக்கு முகம் சந்தித்தது அந்த இரவில்தான் என்று பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்தார்.

பொழுது விடிந்தது. ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. ஐடா பதறிப் போய் வேலைக்காரரை அனுப்பி விசாரித்து வரச் சொன்னாள். அவர் கொண்டு வந்த செய்தி: மூன்று பெண்களும் இரவிலேயே இறந்துவிட்டார்கள்.

ஐடா மறுபடியும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டாள். வெளியே வந்தபோது தாய் தந்தையிடம் தன் முடிவைச் சொன்னாள். அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படிக்கப் போகிறாள். படித்து முடித்து, இந்தப் பெண்களுக்காகத் திரும்பி வரப் போகிறாள்.

வேதத்தில் சாமுவேல் என்ற சிறுவனின் கதை இருக்கிறது. இரவில் யாரோ பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்டு, கிழவரான ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து அவன் எழுந்து ஓடுவான். மூன்று தரம் இப்படி நடக்கும். அழைப்பவர் கடவுள் என்று பிறகுதான் விளங்கும். ஐடா சிறு வயது முதல் அறிந்த கதை இது. திண்டிவனத்துப் பங்களாவில் மூன்று தரம் கூப்பிட்ட குரல்கள் மட்டும் மனிதக் குரல்கள்.

ஐடா அம்மையாரின் சரித்திரத்தைச் சொல்கிற பலர் அந்த இரவோடு கைதட்டி முடித்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்த பகுதியே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மறு நாளே இரக்கத்தையும் வேத புத்தகத்தையும் கையில் எடுத்துக் கொண்டு அவர் பிரசவ வீடுகளுக்குள் நுழைந்திருக்கலாம். நுழைந்து என்ன பயன்? குழந்தை குறுக்கே கிடந்தால் திருப்பத் தெரிய வேண்டும். ரத்தத்தை நிறுத்தத் தெரிய வேண்டும். கள்வர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்ட சமாரியன், இரங்கியதோடு நில்லாமல் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான் என்றுதானே வேதம் சொல்கிறது? காயம் கட்டும் கையைத் தேடி ஐடா கப்பல் ஏறினார்.

பத்தாயிரம் டாலர்

1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறக்கவே அங்கே மாறி, 1899-ல் டாக்டர் ஆனார்.

புறப்படும் நேரத்தில் ஒரு வேலை வந்தது. வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி தேவை; அதற்கு 8,000 டாலர் திரட்ட வேண்டும். கையில் இருந்த நாட்களோ சில. மிஷன் சங்கத் தலைவியான டேபர் அம்மையாரின் வீட்டுக்குப் போய், தமிழ்நாட்டுப் பெண்களின் கதையை எடுத்துச் சொன்னார். அடுத்த அறையில் இருந்த ஷெல் என்ற வயதான பாங்க் முதலாளியின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. டேபர் அம்மையாரின் காலஞ்சென்ற சகோதரியின் கணவர் அவர். மறு நாள் ஐடாவை வரவழைத்தார். பல கேள்விகள் கேட்டார். முடிவில் 8,000 அல்ல, 10,000 டாலர் கொடுத்தார்! மனைவியின் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் விருப்பம்.

1900-ம் வருஷப் பிறப்பையொட்டி ஐடா இந்தியாவில் வந்து இறங்கினார். கூடவே ஆனி ஹான்காக் என்ற நார்த்ஃபீல்டு தோழியும் வந்தார். வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சந்திப்பது ஆனியின் வேலை.

தந்தையிடம் இருந்து தொழில் பழகலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். இளம் டாக்டர் தனியே நின்றார். வைத்தியம் செய்ய இடம்? மிஷன் பங்களாவில் ஓர் அறை. முதலில் அந்த அறைக்கு வரவும் ஆள் இல்லை. யாருக்காக அவர் படித்தாரோ, அந்தப் பெண்களே சந்தேகத்தோடு பார்த்தார்கள். மெள்ள மெள்ளத்தான் பயம் தெளிந்தது. இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 40 படுக்கைகள். நர்ஸுகள்? அவர்களை எங்கே தேடுவது! வீட்டில் சமையல் வேலை பார்த்தவரின் மனைவியான சலோமிதான் ஆபரேஷனின்போது பக்கத்தில் நின்ற துணை. கத்தியை எடுப்பதற்கு முன் ஐடா ஜெபம் செய்வார். ஆபரேஷனுக்கு முன் ஜெபிக்கும் வழக்கம் வேலூரில் அப்படித்தான் தொடங்கிற்று.

மரத்தடி ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் கிராமங்களில் இருந்தார்கள். அவர்களிடம் தாமே போவது என்று அம்மையார் முடிவு செய்தார். மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டி ஏறிற்று. குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட மரங்களின் அடியில் வண்டி நிற்கும். அங்கேயே ஆறாத புண்களைக் கழுவிக் கட்டுவார், கண்ணுக்கு மருந்து விடுவார், பல்லும் பிடுங்குவார். 1909-ல் ஒரு சிறிய பிரெஞ்சுப் பியூஜோ மோட்டார் வந்தது. குதிரையும் மாடும் இல்லாமல் ஓடி வரும் வண்டியைக் கண்டு முதலில் சிலர் பேய் என்று ஓடினார்களாம். பிறகு அதே ஜனங்கள் அது வரும் நாளை எதிர்பார்த்துச் சாலையோரம் காத்துக் கிடந்தார்கள்.

பதினான்கு மாணவிகள்

எத்தனை ஓடினாலும் ஒரு டாக்டருக்கு இரண்டு கைதானே? தமிழ்நாட்டுப் பெண்களைக் காப்பாற்ற இந்த நாட்டுப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்று அம்மையார் கண்டு கொண்டார். 1909-ல் நர்ஸுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1918-ல், உலக யுத்தம் முடியாத நேரத்தில், பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார்.

சென்னை ராஜதானியின் மருத்துவ இலாகா தலைவர் கர்னல் பிரைசனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆண்களே பெரும்பாலும் தோற்கும் பரீட்சை இது, பெண்கள் முதல் தடவை தேறாவிட்டால் மனம் உடைந்து போகாதீர்கள் என்று முன்கூட்டியே ஆறுதல் சொன்னார். முடிவு வந்தது. ஆண்களில் ஐந்து பேருக்கு ஒருவர்தான் தேறியிருந்தார். வேலூரிலிருந்து போன மாணவிகள் 14 பேர். தேறியவர்களும் 14 பேர்!

அந்த மாணவிகளுக்கு உடற்கூறும் மருந்தும் மட்டும் அவர் கற்றுக் கொடுக்கவில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 13-ம் அதிகாரத்தை அவர்கள் மனதில் பதிய வைத்தார். எத்தனை அறிவும் வரமும் இருந்தாலும் அன்பு இல்லாவிட்டால் வெறும் ஓசைதான் என்று விளக்கும் அதிகாரம் அது. கெட்டிக்கார டாக்டர்களுக்கு அதை விட நல்ல மருந்து எது? கல்லூரியின் குறிக்கோளும் வேதத்திலிருந்து வந்ததே. பிறர் தமக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்து வரவில்லை, பிறருக்கு ஊழியம் செய்யவே வந்தோம் என்பது அதன் பொருள்.

பள்ளி வளர்ந்த வரலாறு நீண்டது. சர்க்கார் விதிகள் மாறி, பட்டப் படிப்பு இருந்தால்தான் மருத்துவக் கல்வி நடத்தலாம் என்று ஆனபோது, அதுவரை கட்டிய எல்லாம் சரிந்துவிடும் போல் இருந்தது. 70 வயதைக் கடந்த கிழவி அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராகப் பேசி நிதி சேர்த்தார். 1942-ல் பட்டப் படிப்பு தொடங்கிற்று. பிறகு ஆண்களையும் சேர்த்தார்கள். அன்று பெண்களுக்கென்று எழுந்த சாலை, எல்லோருக்கும் ஆயிற்று.

ஓயாமல் உழைத்தவர் என்றதும் சிரிக்கத் தெரியாத மாது என்று எண்ணிவிடாதீர்கள். டென்னிஸ் என்றால் அவருக்கு உயிர். 65 வயதில் கொடைக்கானலில் ஒரு போட்டிக்குப் போனார். பாட்டியோடு ஆட வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்த இளம்பெண்ணை ஓட ஓட விரட்டித் தோற்கடித்துவிட்டார் என்று சொல்வார்கள். நார்த்ஃபீல்டின் குறும்பு முழுவதும் போய்விடவில்லை!

1946-ல் பொறுப்புகளிலிருந்து விலகினார். கொடைக்கானலில் மலைமேல் இருந்த தம் வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்தார். அமெரிக்காவிலிருந்து ஒருவர் உறையின் மேல் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம் அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பது வேலூரில் பலரும் சொல்லும் கதை.

1960 மே மாதத்தில், 89-ம் வயதில், அம்மையார் காலமானார். உடலை வேலூருக்குக் கொண்டு வந்தார்கள். ஊர்வலம் போன தெருக்களின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். கூட்டத்தில் இந்துக்கள் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள், கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அம்மையாரின் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள்.